மொட்டைக் காரின் இடது கதவு

சாம்சனுக்கு வலது உள்ளங்கைதான் கண். இதை அவர் சொல்லிக்கொண்டதில்லை. ராஜபாளையத்தில் அடிபட்ட கார் வைத்திருந்த எல்லாரும் சொன்னார்கள். ஒரு கதவைத் தட்டி நேராக்கி முடித்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாக வந்தவர்கள், ஏதோ ஜெபம் பண்ணுகிறார் போல என்று கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள். அவர் உள்ளங்கையைத் தகரத்தில் வைத்து, தூங்குகிற பிள்ளையின் முதுகைத் தடவுகிற மாதிரி மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வருவார். கை எங்கே நிற்கிறதோ அங்கே பள்ளம். இல்லையென்றால் மேடு. கண்ணால் பார்க்கிற எவனுக்கும் அது தெரியாது. பெயிண்ட் அடித்த பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்ய?

அந்தக் கை போன மழைக்காலத்தோடு செத்துப்போனது.

செத்தது என்றால் முழுசாக இல்லை. சுத்தியலைப் பிடிக்கும், டீ கிளாஸைப் பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் கையை விட்டு வெளியே எடுக்கும். தொட்ட சேதிதான் மேலே போய்ச் சேராது. தகரத்தைத் தொட்டாலும் தலையணையைத் தொட்டாலும் ஒன்றுதான். சர்க்கரை ஒரு பக்கம், காலமெல்லாம் சுத்தியல் அடித்தது ஒரு பக்கம் என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். டிங்கர் கைக்கு ஓய்வு கொடுத்தால் வயிறும் சேர்ந்து ஓய்வெடுக்கும் என்கிற பாடம் டாக்டர் படிப்பில் இல்லை போலிருக்கிறது.

சாம்சன் யாரிடமும் சொல்லவில்லை. பெண்டாட்டி பரிபூரணத்திடம்கூடச் சொல்லவில்லை. கை செத்த டிங்கருக்கு யார் கார் கொடுப்பார்கள்? ஒருவனுக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும். டீக்கடைக்குத் தெரிந்தால் தென்காசி ரோடு முழுக்கத் தெரியும். ஐம்பத்து மூன்று வயதில் அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. வாட்ச்மேன் வேலைக்குப் போகலாம் என்றால், உட்கார்ந்தால் தூங்கிவிடுகிற ஆள்.

இந்தக் காலத்துக் கார்களில் ஒரு சௌகரியம் உண்டு. பம்பர் பிளாஸ்டிக். கதவு ரொம்ப நசுங்கினால் புதுக் கதவே வந்துவிடும். மிச்சத்துக்கு இருக்கவே இருக்கிறது பட்டி. பள்ளத்தில் பட்டியை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேலே மழமழவென்று இருக்கும். முன்னே சாம்சன் பட்டி டப்பாவைத் திறக்கிறதே அபூர்வம். இப்போது டப்பா சீக்கிரம் தீர்ந்துபோனது. கடைக்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார்.

இப்படி ஒப்பேற்றிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பாண்டிதுரை போன் பண்ணினார்.

"டிங்கரு, மொட்டைக் காரு கெடயா கெடக்கு. வந்து பாத்துட்டுப் போரும்."

மொட்டைக் கார் என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. ஒரு காலத்தில் அது யாரோ ஒரு மில் முதலாளியின் பிளைமவுத். முதலாளி கைவிட்ட பிறகு பாண்டிதுரையின் அப்பா சிவனாண்டி அதை வாங்கி, ஒரு ரம்பத்தை எடுத்து மேல்கூரையை அறுத்துத் தள்ளிவிட்டார். பின் சீட்டைத் தூக்கி சிம்மாசனம் மாதிரி வைத்தார். மண்ணெண்ணெய் டிரம் தகரத்தை வெட்டிப் பின்னால் இரண்டு மீன்வால் ஒட்டினார். பானெட்டின் மேல் ஒரு தகர அன்னம். அது அன்னமா வாத்தா என்கிற விவகாரம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் ஊரில் பாதி மாப்பிள்ளைகள் ஊர்வலம் போனது அதில்தான். சிவனாண்டி போன பிறகு பாண்டிதுரை அதைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார். பிறகு எல்.இ.டி. ரதம் வந்தது. மொட்டைக் கார் ஷெட்டில் படுத்துவிட்டது.

சாம்சன் பஸ் ஏறிப் போனார். ஒரு பால்கோவாக் கடைக்குப் பின்னால் ஷெட். பால் சுண்டுகிற வாசனையில் எறும்பெல்லாம் கடைப் பக்கம் போகும் என்றுதான் நினைப்போம். எறும்பு வரிசை நேராகக் காரின் கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"எம் மக இந்துவுக்கு வைகாசியில கல்யாணம்" என்றார் பாண்டிதுரை. அறுபதை நெருங்குகிற மனிதர், நடக்கும்போது ஒரு முட்டியைத் தூக்கித் தூக்கி வைப்பார். "ஊர்ல உள்ளவன் பிள்ளைய எல்லாம் இதுல ஏத்தி அனுப்பியிருக்கேன். எம் பிள்ள இதுல போவணும். வேற ஆளு கையில குடுக்க மாட்டேன்."

சாம்சன் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் தடவினார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டு நின்றார். அப்படி நிற்பது அலுப்புக்கு நன்றாகத்தான் இருந்தது.

"என்ன சொல்லுது?" என்று கேட்டார் பாண்டிதுரை.

"கஷ்டந்தான்" என்றார் சாம்சன். அது பொய்யில்லை.

"பட்டி அப்பிறக் கூடாது, சொல்லிட்டேன்." பாண்டிதுரை சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு வட்டக் காந்தத்தை எடுத்தார். பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றியது. கார் வாங்கப் போகிற இடமெல்லாம் அதைக் கொண்டுபோவார். தகரம் என்றால் காந்தம் ஒட்டும். பட்டி தடிமனாக இருந்தால் பிடிக்காமல் கீழே விழும். "எங்கப்பா வெட்டுன காரு. தகரமாத்தான் இருக்கணும்."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் முடியாது என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குக் காரைத் தூக்கிக்கொண்டு போவதே மேல் என்று சாம்சனுக்குப் பட்டது.

ஒரு குட்டியானை வண்டியில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சாம்சன் ஸ்டியரிங்கில். ஒத்தாசைக்கு என்று வந்த எட்வின் பின்னால் சிம்மாசனத்தில். எட்வின் பக்கத்து ஷெட்டில் கார்களுக்கு ஒயரிங் பார்க்கிறவன். சாம்சனோடு எட்டாவது வரை படித்தவன், அதாவது படிக்காதவன். அவனுக்கு ஒரு நாளைக்கு ஒருத்தரையாவது கலாட்டா பண்ணாவிட்டால் சோறு செரிக்காது. வழி முழுக்க இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தான். பஸ் ஸ்டாப்பில் நின்ற ஒரு பெண்மணி, "பாவம், இந்த வயசுலயாவது நடந்துச்சே" என்றது சாம்சன் காதிலேயே விழுந்தது.

முதல் நாள் கதவின் உள்தகட்டைக் கழற்றியதும் துருவுக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கதவின் அடிவயிறு முழுக்க அட்சதை. மஞ்சள் போய்க் கறுத்து, சேறாகி, மறுபடி காய்ந்து கல்லாகிக் கிடந்தது. எத்தனையோ ஜோடிகளுக்குப் போட்டது. தலையில் விழ வேண்டியது கண்ணாடி இறங்குகிற சந்தில் விழுந்து உள்ளே போய்விட்டது. அதோடு கல்கண்டு, ரோஜா இதழ், பன்னீர், ஒரு கொண்டை ஊசி, யாருடையதோ ஒரு மெட்டி. கதவுக்குள் போகிற தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டைகள் உண்டு. அவ்வளவையும் அட்சதை அடைத்துவிட்டது. பன்னீரும் கல்கண்டும் ஊறி, தகரத்தை உள்ளிருந்தே தின்றுவிட்டன.

"இம்புட்டு ஆசீர்வாதம் தாங்காதுலே" என்றான் எட்வின், எட்டிப் பார்த்து. "அதான் துரு ஏறிட்டு."

"மெட்டிய எடுத்து வை. பாண்டிதுரை அண்ணாச்சிகிட்ட குடுக்கணும்."

"யாருதுன்னு கண்டுபிடிச்சு, அவ புருஷன் கோவிச்சுக்கிட்டு, எதுக்கு?" என்று சொல்லிவிட்டு எட்வின் அதைக் கழுவி, ஆணியில் தொங்கவிட்டான்.

கதவுக்கு அடியில் ஓடுகிற சட்டம் இரண்டு பக்கமும் செத்திருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அப்பளம் மாதிரி உள்ளே போனது. கூரை இல்லாத காருக்கு அந்தச் சட்டம்தான் முதுகெலும்பு. சிவனாண்டி ஆசையில் கூரையை அறுத்தாரே தவிர, இந்த விஷயம் அவருக்குத் தெரியாது. சட்டத்தை வெட்டினால் கார் நடுவில் இரண்டாக மடங்கிவிடும். சாம்சன் முதலில் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து, காரை அப்படியே கட்டிப்போட்டார். பிறகு ஒரு பக்கத்துச் சட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, புதுத் தகடு மடக்கி, வைத்துப் பார்த்து, மறுபடி எடுத்து, மறுபடி மடக்கி, பற்றவைத்தார். பிறகு அடுத்த பக்கம். மல்லாக்கப் படுத்துக்கொண்டு செய்கிற வேலை. துரு கண்ணில் விழும், காதில் விழும், வாயில் விழும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது முதலில் இடுப்பு எழுந்திருக்கும். செத்த நேரம் கழித்துத்தான் சாம்சன் எழுந்திருப்பார்.

அதெல்லாம் அலுப்பு. பயம் இல்லை. அளவு பார்த்து, கண் பார்த்துச் செய்கிற வேலைக்குக் கை உணர வேண்டியதில்லை. பயம் கதவுகளில் இருந்தது. கதவின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டுப் புதுத் தகரம் வைத்துப் பற்றவைத்தால், சூட்டில் தகரம் வளையும். அதை நேராக்க வேண்டும். உள்பக்கம் ஓர் இரும்புக் கட்டியைத் தாங்கிப் பிடித்து, அதை டோலி என்பார்கள், வெளியே சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி, தடவித் தடவி, மறுபடி தட்டி. தடவாமல் தட்டினால் பள்ளம் இடம் மாறுமே தவிரப் போகாது.

சாம்சன் தட்டினார். பள்ளம் இடம் மாறியது. இடது கையால் தடவிப் பார்த்தார். அது எப்போதும் டோலி பிடித்தே பழகிய கை. எழுதப் படிக்கத் தெரியாதவன் கடுதாசியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். தாடி குத்தியதுதான் தெரிந்தது. ஒரு நாள் கன்னத்தைக் கதவோடு ஒட்டிக்கொண்டு நின்றபோது எட்வின் பார்த்துவிட்டான்.

"என்னலே, காருக்கு முத்தம் குடுக்க?"

"சத்தம் வருதான்னு கேக்கேன்."

"நல்லாக் கேளு. மதினிகிட்ட சொல்லுதேன்."

அந்த வாரத்தில்தான் எட்வின் அந்த வேலையைப் பண்ணினான். ஒர்க்ஷாப்புகளில் இருக்கிற பழைய கலாட்டாதான். ஒரு நட்டை கேஸ் தீயில் காட்டிச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, நிறம் கறுக்கிற வரை விட்டுவிட வேண்டும். பார்த்தால் சாதாரண நட்டுதான். பிறகு யாரையாவது எடுக்கச் சொல்ல வேண்டும். எடுத்தவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். எல்லாரும் ஒரு தடவையாவது ஆடியவர்கள்தான். தொட்ட உடனே விட்டுவிடுவதால் விரல் நுனி கொஞ்சம் சுடும், அவ்வளவுதான்.

"ஏலே சாம்சா, அந்த நட்ட எடுத்துக் குடு."

சாம்சன் எடுத்தார். எட்வின் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றான். சாம்சன் நட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நடந்து வந்து, "இந்தா" என்று நீட்டினார்.

எட்வின் வாய் அப்படியே நின்றது. முதலில் வாசனைதான் வந்தது. அவன் சாம்சன் கையைத் தட்டிவிட்டான். நட்டு உருண்டுபோனது. உள்ளங்கையில் ஒரு வட்டம் வெள்ளையாக வெந்திருந்தது. சாம்சன் அதை வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னலே இது" என்றான் எட்வின்.

"கத்தாத. ரோட்டுல ஆளு இருக்கு."

"எம்புட்டு நாளா?"

"போன மழையில இருந்து."

"மதினிக்கு?"

"தெரியாது. தெரிஞ்சா உன்னத்தான் கேப்பேன்."

எட்வின் ஓடிப்போய் ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கிவந்தான். ஐஸை வைத்துப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று யோசித்ததில் ஒன்றும் கிடைக்கவில்லை. "ஐஸாவது தெரியுதா?" என்று மட்டும் கேட்டான்.

"ஈரமா இருக்குன்னு தெரியுது. கண்ணு இருக்குல்லா" என்றார் சாம்சன்.

சைலன்சரில் பட்டுவிட்டது என்று வீட்டில் சொன்னார். பரிபூரணம் கட்டுப் போட்டுவிட்டாள். வீட்டில் மருந்து இல்லாவிட்டாலும் கட்டுத்துணிக்குப் பஞ்சமில்லை. அவள் சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சோதிக்கிற வேலைக்குப் போகிறவள். நீள மேஜையில் துணி ஓடிக்கொண்டே இருக்கும். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இழை தளர்ந்த இடம், முடிச்சு விழுந்த இடம் கைக்குத் தட்டுப்பட்டால் நிறுத்தி அடையாளம் வைக்க வேண்டும். கண்ணை நம்பினால் மதியத்துக்குள் தலை சுற்றிவிடும் என்பாள். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்பாள். சூப்பர்வைசர் தூங்குகிறாள் என்று நினைத்து ஆரம்பத்தில் திட்டியிருக்கிறார்.

எட்வினால் ஒரு ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது. இதை மூன்று நாள் வைத்திருந்ததே அவன் வாழ்க்கையில் பெரிய சாதனை. சனிக்கிழமை பரிபூரணம் கம்பெனி வண்டியில் வந்து இறங்குகிற இடத்தில் போய் நின்றான்.

"மதினி, ஒரு காரியம். என்ன அடிக்கக் கூடாது."

"அடிக்கிற மாதிரி என்ன பண்ணுனீங்க கொழுந்தனாரே?"

சொன்னான். அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, அவள் தூக்குவாளியோடு நேராக ஷெட்டுக்கு வந்தாள். தெரு காலியாக இருந்தது. சாம்சன் இடது கதவின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னட்டி, கோயில் விட்டு இங்க வந்துட்ட?"

"சோறு கொண்டாந்தேன்."

"வீட்டுக்குத்தான வருவேன்."

"வீட்டுல கைய மறச்சு மறச்சுச் சாப்பிடுதீய. இங்கன எப்படிச் சாப்பிடுதீயன்னு பாப்போம்."

சாம்சன் பக்கத்து ஷெட்டைப் பார்த்தார். பூட்டியிருந்தது. எட்வின் அன்றைக்குப் பார்த்து ஊரில் இல்லாமல் போயிருந்தான்.

பரிபூரணம் வாளியைக் கீழே வைத்தாள். பையிலிருந்து ஒரு பேண்டேஜ் துணியை எடுத்துக் கதவின் மேல் விரித்து, அதன் மேல் கையை வைத்து, மெதுவாக இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏட்டி, இது கட்டுத்துணி இல்ல. காரு."

"வெறுங்கைய வச்சா தகரம் பிடிச்சு இழுக்கு. துணி இருந்தா ஓடுது." கண்ணை மூடிக்கொண்டாள். கை நின்றது. "இங்கன இழை தளந்திருக்கு."

"காருல ஏது இழை?"

"எனக்கென்ன தெரியும். தளந்திருக்கு. ஒரு மொச்சக்கொட்ட எம்புட்டு."

சாம்சன் டோலியை எடுத்து உள்பக்கம் வைத்தார். அவள் விரல் இருந்த இடத்துக்கு நேராக உள்ளிருந்து ஒரு தட்டு. அவள் மறுபடி தடவினாள். "இப்பச் சின்னதாயிருச்சு. சுண்டலு." இன்னொரு தட்டு. "போயிருச்சு. ஆனா பக்கத்துல முடிச்சு விழுந்திருக்கு."

தளர்ந்த இழை என்றால் பள்ளம். முடிச்சு என்றால் மேடு. சோறு ஆறும்வரை இது நடந்தது. சாப்பிடும்போதுதான் அவள் கேட்டாள்.

"ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"சரி" என்றாள். மீனை முள் எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கையில் முள் குத்தினாலும் இவருக்குத் தெரியாதே என்று நினைத்திருக்கலாம்.

அதற்குப் பிறகு அவள் கம்பெனி விட்டு நேராக ஷெட்டுக்கு வர ஆரம்பித்தாள். நாள் முழுக்க நின்ற கால். பகலெல்லாம் துணியைத் தடவிவிட்டு, சாயங்காலம் காரைத் தடவ வேண்டும். ரோட்டில் யாராவது போனால் சாம்சன் மெல்ல, "தூசி தொடை, தூசி தொடை" என்பார். அவள் உடனே துணியால் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணுவாள். துரு தூள் பறக்கிற ஷெட்டில் ஒரு பெண்பிள்ளை தினமும் தூசி துடைக்கிறதைப் பார்த்து, சாம்சன் பெண்டாட்டிக்குச் சுத்தம் முற்றிப்போய்விட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எட்வினும் தன் பங்குக்கு, "எங்க ஷெட்டுலயும் கொஞ்சம் தொடைங்க மதினி" என்பான். அது அவன் மன்னிப்புக் கேட்கிற விதம்.

ஒரு நாள் சாம்சன் காருக்கு அடியிலிருந்து கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. எழுந்து பார்த்தால், அவள் பின்னால் சிம்மாசனத்தில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் தூக்குவாளி. அவர்கள் கல்யாணத்தில் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தது மாமன் டிராக்டரில். சாம்சன் செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தம் வரக்கூடாது என்று, அன்றைக்குச் சுத்தியலைத் தொடவில்லை.

தப்பு நடந்தது கடைசியில்தான். எல்லாம் முடிந்து, இடது பின்கதவு மட்டும் பாக்கி. பரிபூரணம் தடவிவிட்டு, "கைப்பிடிக்குக் கீழ ஓரிடத்துல தளந்திருக்கு. பெருசா, லேசா. உள்ளங்கை அகலத்துக்கு" என்றாள்.

சாம்சனுக்கு அன்றைக்கு முதுகு நிமிரவில்லை. அலுப்பு ஒரு பக்கம். அதைவிட, தன் கைக்குத் தெரியாத ஒன்றை இன்னொரு கை சொல்லச் சொல்ல, கேட்டுக் கேட்டுத் தட்டி வந்த சலிப்பு.

"உனக்குக் கை அசந்துபோச்சு. நான் வெளிச்சத்துல பாத்துட்டேன். சரியா இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள். "சரி. ஒங்க காரு" என்று துணியை மடித்துப் பையில் வைத்தாள்.

மறுநாள் சாம்பல் நிறப் பிரைமர் அடித்தார். பிரைமர் காய்ந்ததும் பாண்டிதுரைக்குப் போன் போட்டார். அவர் பார்த்துச் சரி என்றால் கார் பெயிண்டரிடம் போகும்.

பாண்டிதுரை சாயங்காலம் வந்தார். காந்தத்தோடு மட்டும் வரவில்லை. ராக்கப்பன் என்கிற ஊர்வல விளக்குக்காரரையும், அவருடைய டியூப் லைட் தட்டி ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி இது?" என்றார் சாம்சன்.

"இந்தக் காரு வெயில்ல ஓடுற காரு இல்ல டிங்கரு. ரெண்டு பக்கமும் டியூப் லைட்டு வரிசையா வரும். அந்த வெளிச்சத்துலதான் சனம் பாக்கும். நானும் அதுலதான் பாக்கணும்."

பரிபூரணம் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து, ஒரு ஓரமாகப் பையோடு நின்றாள். எட்வின் தன் ஷெட்டிலிருந்து கரண்ட் இழுத்துக் கொடுத்தான். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

முதலில் காந்தம். பாண்டிதுரை முட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து காரைச் சுற்றி வந்தார். காந்தம் எல்லா இடத்திலும் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. அவர் முகம் இளகியது. பிறகு பெரிய தூரிகையால் பிரைமர் மேல் மண்ணெண்ணெயைத் தடவச் சொன்னார். ஈரத்தில் தகரம் கண்ணாடி மாதிரி ஆனது. ராக்கப்பன் விளக்குத் தட்டியைத் தூக்கிக்கொண்டு மெல்ல நடந்தார். டியூப் லைட்டின் பிம்பம் கதவுகளில் நேர்கோடாக ஓடியது. வலது பக்கம் முழுக்க நூல் பிடித்த மாதிரி. இடது பக்கம் மட்கார்டு, முன்கதவு, பின்கதவு. பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே வந்தபோது கோடு லேசாக நெளிந்தது. பாம்பு திரும்பிப் படுக்கிற மாதிரி ஒரு நெளிவு. அப்புறம் நேராகிவிட்டது.

சாம்சன் பரிபூரணத்தைப் பார்க்கவில்லை. அவளும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிதுரை பார்த்துவிட்டார். பார்க்காதவர் மாதிரித் தலையைச் சொறிந்தார். "பரவால்ல. பொண்ணு உக்காருற பக்கம். மாலை தொங்கும், பூச்சரம் தொங்கும். எவன் பாக்கப் போறான். பெயிண்டருக்கு அனுப்பிரும்."

அதோடு முடிந்தது. சரி அண்ணாச்சி என்று சாம்சன் தலையாட்டினால் போதும். கை செத்த கதை ஷெட்டோடு கிடக்கும். நாளைக்கும் வேலைக்குக் கார் வரும்.

சாம்சன் தலையாட்டப் பார்த்தார். தலை ஆடவில்லை. கதவுக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். கிட்டே போனால் நெளிவு ஓடிப்போனது. தள்ளி நின்றால் வந்தது. கிட்டே இருந்துதான் தட்ட முடியும். கிட்டே இருக்கும்போது கண்ணுக்கு வேலை இல்லை.

"பரிபூரணம்" என்று கூப்பிட்டார். "இங்க வா. எங்கன்னு சொல்லு."

அவள் அசையவில்லை. "தூசி தொடைக்கவா?" என்று மெதுவாகக் கேட்டாள், தப்பிக்க ஒரு வழி விட்டு.

"தூசி இல்ல. நீ சொன்ன எடம்."

"தங்கச்சி எதுக்கு?" என்றார் பாண்டிதுரை.

"எங் கைக்கு ஒண்ணும் தெரியல அண்ணாச்சி. போன மழையில இருந்து தெரியல. சுட்டாக்கூடத் தெரியாது. இந்தக் காரு பூரா இவ கை பாத்துச் சொல்லி நான் தட்டுனது. இந்த ஓரிடம் மட்டும் இவ சொல்லி நான் கேக்கல."

எட்வின் ஏதாவது சொல்லுவான் என்று எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஒயரைப் பிடித்துக்கொண்டு, அதில் ஏதோ கோளாறு இருக்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பாண்டிதுரை காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றிப் பையில் போட்டார்.

"காரக் கொண்டு போயிருதேன், வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னு சொல்லுவேன்னு நெனைச்சீரா?" என்றார்.

"சொல்லலாம். காரு ஒங்களது."

"எனக்கு முட்டி போயி எத்தன வருசம் ஆச்சு. ஊர்வலத்துல காரு பின்னால நடக்க முடியாம, பெட்ரோல் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஆட்டோவுல போயி முன்னால நிப்பேன். இந்தா ராக்கப்பனக் கேளும்."

ராக்கப்பன் விளக்கைச் சுமந்துகொண்டே ஆமாம் என்று தலையாட்டினார். வெளிச்சமும் சேர்ந்து ஆடியது.

"ஆட்டாதயா" என்றார் பாண்டிதுரை. "செத்த நேரம் அப்படியே பிடி. தங்கச்சி, அந்த எடத்தக் காட்டும்மா."

பரிபூரணம் பையைத் திறந்து துணியை எடுத்தாள். மண்ணெண்ணெய் ஈரத்தின் மேல் விரித்தாள். கை மெல்ல இறங்கி வந்து நின்றது. சாம்சனின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். அவருக்கு அவள் விரலும் தெரியவில்லை, தகரமும் தெரியவில்லை. எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டார். டோலியை எடுத்துக்கொண்டு கதவுக்குள் கையை விட்டார்.

"இன்னும் மேல" என்றாள். தட்டினார். "கொஞ்சம் கோயில் பக்கமா." தட்டினார். "மெதுவா. கோவத்துல தட்டாதீய."

"கோவம் யாருக்கு?"

"எனக்குத்தான். தட்டுங்க."

ராக்கப்பன் தோளை மாற்றினார். கோடு நேராக ஓடும்வரை யாரும் போகவில்லை. போகும்போது பாண்டிதுரை ஆணியில் தொங்கிய மெட்டியைப் பார்த்து, யாருது என்று கேட்டார். கதவுக்குள் கிடந்தது என்றான் எட்வின். பாண்டிதுரை அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தெரிந்த மாதிரியும் தெரியாத மாதிரியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். காந்தம் இருந்த அதே பை. வெள்ளி ஒட்டாது.

டீக்கடைக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் வர வேண்டிய ஒரு கார் வரவில்லை. இன்னொன்றுக்குச் சொந்தக்காரர் போன் பண்ணி, "அக்கா வருவாங்களா?" என்று விசாரித்துவிட்டுக் கொண்டுவந்து விட்டார். சாம்சனுக்கு இதில் எதற்குச் சந்தோஷப்படுவது, எதற்கு வருத்தப்படுவது என்று யோசிக்கத் தெம்பில்லை.

ஆனால் அந்தக் கார் வந்த சாயங்காலம், ஷெட்டைப் பூட்டிவிட்டு இருவரும் மொபெட்டில் போகும்போது அவர் கேட்டார்.

"நாளைக்கும் வருவியா?"

"நாளைக்குக் கம்பெனியில டபுள் ஷிப்டு."

"ஞாயித்துக்கெழம?"

"கோயிலுக்கு யாரு போவா?"

"ஜெபம் முடிஞ்சு வா."

பின்னால் கொஞ்ச தூரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாளோ என்று வேகத்தைக் குறைத்தார்.

"முதுகு வலிக்கு" என்றாள். "ஸ்டூலு ஒண்ணு வாங்கிப் போடுங்க. பாக்கலாம்."